ஆயிரம் பேரைக் கடல் கடந்து நிறுத்த என்ன ஆகும்? எல்லையோர மேசைப் பயிற்சிக்கு ஒரு கையேடு

காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அந்தப் பக்கம் சித்தூர், பலமநேர், குப்பம் என்று இந்த எல்லையோரத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஓய்வு பெற்ற சுபேதாரும், சி.டி.எஸ். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு டாங்கி, பீரங்கி, ரஃபேல் என்று ஓடும். பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வெளிநாட்டில் ஒரு படையை நிறுத்துவது பெரும்பாலும் பணக்கணக்கு. அதைப் போட்டுப் பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேர், ஒரு கடல் வரைபடம், ஒரு கணக்கு நோட்டு போதும்.

பயிற்சியின் கேள்வி இது. 1,800 கடல் மைல் தள்ளி ஒரு நட்பு நாடு. அதன் பக்கத்து நாடு அதன் கரையோர மாவட்டம் ஒன்றில் கண் வைத்திருக்கிறது. அடி விழாமல் தடுக்க நாம் ஆயிரம் பேர் கொண்ட படைக்குழுவை அங்கே நிறுத்த வேண்டும். எத்தனை நாளில் போய்ச் சேரும், வருஷத்துக்கு என்ன ஆகும், எத்தனை வருஷம் தாங்கும்?

போருக்கு அனுப்பும் கணக்குக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. போர் என்றால் ஒரு முடிவு நாள் வரும். தடுப்புப் படைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதே அதன் வேலை. ஆகவே போக்குவரத்துச் செலவில் மூளையைக் கசக்காதீர்கள். மூன்றாவது வருஷம், எட்டாவது மாசம், அந்த முகாமில் டீசல் இருக்கிறதா, மாற்று ஆள் தயாரா என்பதில்தான் திட்டம் நிற்கும் அல்லது விழும்.

நாற்காலிகள்

ஆறு பேருக்கு ஆறு பொறுப்பு: படை, மூவ்மென்ட், சப்ளை, வெளியுறவு, நிதி, எதிரி. எதிரி நாற்காலியில் இருப்பதிலேயே கெட்டிக்காரரை உட்கார வையுங்கள். மற்ற ஐவர் போடும் பட்ஜெட்டை அவர் படித்துவிட்டு, "பொறுத்திருந்தால் போதுமா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நிதி நாற்காலிக்குப் பழைய குவார்ட்டர்மாஸ்டர் கிளார்க் (படையின் கிடங்குக் கணக்கு எழுதியவர்) கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதல் வேலை: ஒரே வாக்கியம்

யார், எதைச் செய்யாமல், எந்தத் தேதி வரை தடுக்கப்பட வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "வட்டாரத்தில் நிலைத்தன்மை" என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள். அதற்கு எத்தனை டாங்கி வேண்டும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. "பக்கத்து நாடு கரையோர மாவட்டத்தைப் பத்து நாளில் பிடித்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு வரக்கூடாது" என்று எழுதினால் உடனே மூன்று எண் கிடைக்கும்: எச்சரிக்கை நேரம், தாக்குப்பிடிக்க வேண்டிய நாள், பின்னால் வர வேண்டிய உதவிப் படையின் நாள்.

அடுத்து, எதிரிக்கு இது எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். 1977 நவம்பரில் ஃபாக்லாந்து தீவுகளுக்கு ஆபத்து வரலாம் என்று பிரிட்டன் ஒரு அணுசக்தி நீர்மூழ்கியையும் இரண்டு ஃபிரிகேட் கப்பல்களையும் ரகசியமாக அனுப்பியது. அர்ஜென்டினாவுக்கு அது தெரியவே இல்லை என்றால் எதைத் தடுத்தது என்ற வாதம் இன்னும் தீரவில்லை. 1981-ல் நேர்மாறாக நடந்தது. சிக்கனம் என்று சொல்லி, அந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த என்டியூரன்ஸ் என்ற சின்ன ரோந்துக் கப்பலைத் திரும்பப் பெறப் போவதாக லண்டன் அறிவித்தது. 1982 ஏப்ரல் 2-ல் அர்ஜென்டினா தீவில் இறங்கியது. போருக்குப் பிறகு பிரிட்டன் அங்கே புதிதாக ஒரு விமானத் தளமே கட்ட வேண்டி வந்தது, 1985-ல் திறந்தார்கள். பட்ஜெட்டில் ஒரு வரியை அடிப்பதும் எதிரிக்கு எழுதும் கடிதம்தான். நிதி நாற்காலிக்காரர் இதை மறக்கவே கூடாது.

படையின் பட்டியல்

கீழே வரும் விலைகளும் நுகர்வு அளவுகளும் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. உங்களுக்கு நல்ல எண் கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது. வண்டிகளின் எடையும் அளவும் உண்மையானவை.

ஆயிரம் பேர். ஒரு ஸ்குவாட்ரன் டி-90, அதாவது 14 டாங்கி; ஒன்று 46.5 டன், ஆக 651 டன். காலாட்படையை ஏற்றிச் செல்லும் பி.எம்.பி.-2 கவச வண்டி நாற்பத்தைந்து, ஒன்று 14.3 டன், ஆக 643.5 டன். லாரி, ஆம்புலன்ஸ், மீட்பு வண்டி எல்லாம் சேர்த்து 120. சராசரி 10 டன் என்றால் 1,200 டன். கன்டெய்னர் 150, ஒன்றுக்கு 15 டன் என்றால் 2,250 டன். கூட்டினால் ஏறக்குறைய 4,745 டன்.

லேசான படையை அனுப்பினால் செலவு குறையுமே என்று யாராவது கேட்பார்கள். குறையும். 1990 ஆகஸ்டில் சவூதியில் முதலில் இறங்கிய அமெரிக்க 82-வது வான்குடைப் படைப் பிரிவு வீரர்கள் தங்களையே ஸ்பீட் பிரேக்கர் என்று கேலி செய்துகொண்டார்கள். ஈராக்கின் டாங்கிப் படை வந்திருந்தால் அவர்களால் கொஞ்சம் தாமதப்படுத்த முடியும், நிறுத்த முடியாது. கனரகப் படை மெதுவாகப் போகும், செலவு தின்னும். ஆனால் எளிதில் திரும்பிப் போகாது என்பது எதிரிக்கும் தெரியும். தடுப்புக்கு அதுதான் வேண்டும்.

காட்பாடியிலிருந்து கப்பல் வரை

படை காட்பாடியில் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து துறைமுகத்துக்கு இரண்டு வழி. அரக்கோணம் வழியாகச் சென்னை பக்கம் போனால் 130 கி.மீ.தான், ஆனால் எந்நேரமும் வண்டி ஓடும் தடம். ராணுவச் சிறப்பு ரயிலுக்கு இடைவெளி தேட வேண்டும். சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கிருஷ்ணப்பட்டினம் போனால் கூட்டம் குறைவு, ஆனால் காட்பாடி முதல் திருப்பதி வரையான 104 கி.மீ. ஒற்றைத் தடம். அதை இரட்டையாக்க 1,332 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில்தான் ஒப்புதல் கொடுத்தது. ஒற்றைத் தடத்தில் எதிர் வண்டிக்கு வழிவிட நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும், காத்திருக்கும் கப்பலுக்கு நாள் வாடகை ஓடும். வேகனுக்கு ஒரு வண்டி என்றால் டாங்கிக்கும் பி.எம்.பி.க்கும் 59 வேகன், ரயிலுக்கு 40 வேகன் என்றால் இரண்டு ரயில். டி-90-யின் அகலம் 3.78 மீட்டர், சுரங்கமோ நடைமேடையோ இடிக்குமா என்று வழியை முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டும். லாரிகள் சாலையில் போகட்டும்.

கப்பலை எடையால் கணக்குப் போடாதீர்கள். ராணுவச் சரக்கில் எடை எட்டும் முன்பே தரை நிரம்பிவிடும். டாங்கி ஒன்று குழலோடு 9.53 மீட்டர் நீளம், ஆக 36 சதுர மீட்டர். பதினான்குக்கு 504. பி.எம்.பி.க்கு 21 என்று 945. லாரிக்குச் சராசரி 20 என்று 2,400. மொத்தம் 3,849 சதுர மீட்டர். சங்கிலி கட்டவும் ஆள் நடக்கவும் இடம் விட்டால் தரையில் முக்கால் பங்குதான் பயன்படும், 3,849-ஐ 0.75-ஆல் வகுத்தால் 5,132 சதுர மீட்டர். இந்த எண்ணைச் சொல்லித்தான் ரோ-ரோ கப்பல் (வண்டிகளை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பல்) கேட்க வேண்டும். "ஐயாயிரம் டன் கப்பல்" என்று கேட்டால் பாதி வண்டி கரையிலேயே நிற்கும்.

விமானத்தில் அனுப்பினால்? 1988 நவம்பரில் மாலத்தீவுக்கு ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்களில் பாரா வீரர்கள் ஒரே இரவில் போய் இறங்கினார்கள். ஆள் அப்படிப் போகலாம். டாங்கி போகாது, போனாலும் சி-17 என்ற பெரிய சரக்கு விமானம் ஒன்றுக்கு ஒரு டாங்கி. நம்மிடம் உள்ள சி-17 பதினொன்று. ஒரு நடைக்குச் சராசரி 60 டன் என்றால் 79 நடை. ஏழு விமானம் நாளுக்கு ஒரு நடை என்றால் 12 நாள், அதுவும் லடாக்கிலும் வடகிழக்கிலும் உள்ள வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு. நிதி நாற்காலிக்காரர் மயக்கம் போடுவதற்குள் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

இனி நாள் கணக்கு. தயாரிப்பு 7, ரயிலில் ஏற்றித் துறைமுகம் சேர 3, கப்பலில் ஏற்ற 2, கடலில் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 150 மணி நேரம் என்பதால் 7, இறக்க 2, முகாமுக்கு 3, ஆளும் வண்டியும் சேர்ந்து தயாராக 3. மொத்தம் 27. கப்பல் நிறுவனத்தோடு முன்கூட்டி ஒப்பந்தம் இல்லை, கப்பல் வந்து சேர 20 நாள் ஆகிறது என்றால் 27 என்பது 37 ஆகிவிடும். எச்சரிக்கை நேரமோ பத்து நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியை மேசையில் எல்லோரும் பார்க்கும்படி பெரிதாக எழுதி வையுங்கள்.

இங்கே எது கெடும் என்பதற்கு வரலாற்றில் பஞ்சமில்லை. 1990-ல் வளைகுடாப் போருக்காக அமெரிக்க 24-வது காலாட்படைப் பிரிவின் தளவாடத்தை ஏற்றிக்கொண்டு போன அன்டாரெஸ் என்ற அதிவேகக் கப்பல் அட்லாண்டிக் நடுவில் எஞ்சின் பழுதாகி நின்றது. ஸ்பெயினின் ரோட்டா துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். ஒரே அலகின் வண்டி முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றாதீர்கள் என்பது அதிலிருந்து வந்த பாடம். அதே போரில் சவூதிக்குப் போன சுமார் 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கும் மேல், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறக்க வேண்டி வந்தது. கன்டெய்னரின் வெளியே ஒட்டும் பட்டியலும் உள்ளே ஒட்டும் பட்டியலும் ஒன்றுதானா என்று சரிபார்க்க இரண்டு ஹவில்தாரைத் தனியாகப் போடுங்கள். இதைவிட மலிவான காப்பீடு எதுவும் கிடையாது. 2003-லோ ஈராக் போருக்காக அமெரிக்கக் கப்பல்கள் துருக்கிக் கரைக்கு அருகே காத்துக்கொண்டிருந்தபோது, மார்ச் 1-ம் தேதி அந்நாட்டு நாடாளுமன்றம் அனுமதிக்கவில்லை. 4-வது காலாட்படைப் பிரிவின் தளவாடம் சூயஸ் சுற்றிக் குவைத்துக்குப் போனது. இரண்டாவது துறைமுகத்தின் பெயர் இல்லாத திட்டத்தை எதிரி நாற்காலி ஏற்கவே கூடாது.

முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பது

27 நாளைப் பத்துக்குள் கொண்டு வர ஒரே வழி, தளவாடத்தை முன்னரே அங்கே சேர்த்துவிட்டு, நெருக்கடியில் ஆளை மட்டும் விமானத்தில் அனுப்புவது. இந்தியப் பெருங்கடல் தீவான டியகோ கார்சியாவில் நின்ற கப்பல்கள் 1990 ஆகஸ்ட் மத்தியிலேயே சவூதி துறைமுகம் சேர்ந்து அமெரிக்க மரைன் படைக்குத் தளவாடம் கொடுத்தது இப்படித்தான். நார்வேயில் மலைக்குகைக்குள் அமெரிக்க மரைன் தளவாடம் 1980-களிலிருந்து இருக்கிறது.

இதில் ஏமாறும் இடம் மூன்று. அங்கே ஒரு செட் வைத்தால், ஊரில் பயிற்சிக்கு இன்னொரு செட் வேண்டும். அதன் விலை மூலதனச் செலவில் வரும், பலர் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, கடலோர ஈரத்தில் நிற்கும் வண்டி தானாகவே கெடும்: பேட்டரி இறங்கும், ரப்பர் சீல் வெடிக்கும், டீசலில் நீர் சேர்ந்து பாசி பிடிக்கும், கண்ணாடிக் கருவியில் பூஞ்சை படரும். ஈரப்பதம் கட்டுப்படுத்தின கொட்டகையும், மாசம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிப் பார்க்க நாற்பது பேர் கொண்ட நிரந்தரக் குழுவும் கணக்கில் இருக்க வேண்டும். மூன்றாவது, கிடங்கு எல்லைக்கு மிக அருகே இருந்தால் முதல் ஏவுகணை அதற்குத்தான். எதிரியின் பீரங்கிக்கு எட்டாத தூரம், அதே சமயம் ஒரே இரவில் முன்னணிக்கு ஓடிவிடும் தூரம். கிடங்கை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?

முகாம் வாழ்க்கையில் தலைக்கு 80 லிட்டர் தண்ணீர் என்றால் நாளுக்கு 80,000 லிட்டர், பத்தாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லோடு. கள நிலையில் 25 லிட்டராகக் குறைக்கலாம். நோய் வரும் என்று மருத்துவர் சொல்வார், சொன்னால் சரிதான். ரேஷன் பொதியோடு சேர்த்துத் தலைக்கு 2.5 கிலோ, நாளுக்கு 2.5 டன், முப்பது நாள் இருப்புக்கு 75 டன். லங்கருக்கு (படைச் சமையல்கூடத்துக்கு) தேவையான அரிசி, பருப்பு, மசாலா அங்கே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டீசலில்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். டாங்கி குடிக்கும் என்று பயந்து அதையே பார்ப்பார்கள். வருஷத்தில் 60 நாள் பயிற்சி, நாளுக்கு டாங்கிக்கு 500 லிட்டர் என்றால் 14 டாங்கிக்கு 4.2 லட்சம் லிட்டர். பி.எம்.பி.க்கு 150 லிட்டர் வீதம் 4.05 லட்சம். லாரிகள் 250 நாள், 40 லிட்டர் வீதம் 12 லட்சம். இப்போது ஜெனரேட்டரைப் பாருங்கள். தலைக்கு ஒரு கிலோவாட் இணைப்பு, சராசரி அறுபது சதவீத பாரம் என்றால் நாளுக்கு 14,400 யூனிட், யூனிட்டுக்கு 0.28 லிட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் பார்க்காமல் 365 நாள்: 14.6 லட்சம் லிட்டர். டாங்கியைப் போல் மூன்றரை மடங்கு. மொத்தம் 34.85 லட்சம் லிட்டர். 20,000 லிட்டர் டேங்கரில் 175 லோடு. முகாமுக்கு உள்ளூர் மின்கம்பி இழுக்கும் செலவு பெரிதாகத் தெரியும். இந்த வரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆயிரம் என்பது மூவாயிரம்

ஒரு படை அங்கே, ஒன்று தயாராகிறது, ஒன்று திரும்பி வந்து இளைப்பாறுகிறது. ஆக, நிலத்தில் ஆயிரம் நிற்க ஏட்டில் மூவாயிரம். ஆறு மாச முறை என்றால் வருஷத்துக்கு இரண்டு மாற்றம். பழையவர் புதியவருக்குப் பொறுப்பு ஒப்படைக்க இரண்டு வாரம் இருவரும் அங்கே இருக்க வேண்டும்: 14 நாள், இரண்டு முறை, ஆயிரம் பேர், 28,000 ஆள்-நாள், வருஷ மொத்தத்தில் 7.7 சதவீதம். இந்த இரண்டு வாரத்துக்குப் படுக்கை எங்கே என்று கேளுங்கள். கூடாரம் இல்லையென்றால் ஒப்படைப்பு இரண்டு நாளில் முடியும், அடுத்த ஆறு மாசமும் அதன் தொல்லை இருக்கும்.

மாற்றுவதா, குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேற்றுவதா? லிதுவேனியாவில் ஜெர்மனி சுமார் 5,000 பேர் கொண்ட பிரிகேடை 2027-க்குள் நிரந்தரமாக நிறுத்த முடிவெடுத்திருக்கிறது. வீடு, பள்ளிக்கூடம் என்று முதலில் கை சுடும். ஆனால் அங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும் எதிரி, இவர்கள் அடுத்த தேர்தலோடு போய்விடுவார்கள் என்று நினைக்க மாட்டான்.

காகிதம்

வெளியுறவு நாற்காலியின் வேலை படைநிலை ஒப்பந்தம். நம் ஜவான் அங்கே குற்றம் செய்தால் யார் விசாரிப்பது, டீசலுக்குச் சுங்கம் உண்டா, நம் ஓட்டுநர் உரிமம் செல்லுமா, டாங்கி வயலில் ஏறினால் பயிருக்கு யார் பணம் தருவது, முகாமுக்கு வெளியே ஆயுதம் எடுத்துப் போகலாமா. இவை எழுத்தில் வரும் முன் ஒரு கன்டெய்னர்கூடக் கிளம்பக் கூடாது. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் அதிக பாரம் ஏற்றிய டிரெய்லர் அனுமதிச் சீட்டுக்காக நிற்பது போல, 2018 ஜனவரியில் ஜெர்மனியின் சாக்சனியில் அமெரிக்க பீரங்கி வண்டிகளைப் போலந்துக் கம்பெனி லாரிகளில் ஏற்றிப் போனபோது போலீஸ் மடக்கியது: பாரம் அதிகம், காகிதம் சரியில்லை. நட்பு நாட்டுக்குள்ளேயே இந்தக் கதி. பால்டிக் நாடுகளில் தண்டவாள அகலம் 1,520 மி.மீ., போலந்தில் 1,435. எல்லையில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். நம் 1,676-உம் எல்லா நாட்டிலும் கிடைக்காது.

வாடகையை எப்போதும் பல வருஷத்துக்கு எழுதுங்கள். கிர்கிஸ்தானின் மனாஸ் தளத்துக்கு அமெரிக்கா வருஷத்துக்கு 1.74 கோடி டாலர் கொடுத்து வந்தது. தளத்தை மூடுவோம் என்றதும் 2009-ல் அது 6 கோடி ஆனது. 2014-ல் மூடியும் போனது. வரவேற்கும் நாடு செலவைப் பகிர்வது உண்டு. தென் கொரியா அங்கே நிற்கும் அமெரிக்கப் படைக்காக உள்ளூர் ஊழியர் சம்பளம், கட்டுமானம், சரக்கு ஏற்பாடு என்ற மூன்று தலைப்பில் பங்கு தருகிறது. சுமார் 1,080 கோடி டாலரில் கட்டிய ஹம்ஃப்ரீஸ் முகாமில் பத்தில் ஒன்பது பங்கு அவர்கள் பணம். பகிர்வை ரொக்கமாகக் கேட்பதைவிட நிலம், மின்சாரம், தண்ணீர் என்று கேட்பது நல்லது. டாலர் ஏறினாலும் அது அசையாது.

ஐ.நா. கொடியின் கீழ் போவது வேறு கணக்கு. ஐ.நா. ஒரு வீரருக்கு மாசம் ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. 2022-ல் அது 1,448 டாலர் ஆனது. வண்டிக்கு நாமே பராமரிப்பும் பார்த்தால் ஒரு வாடகை, வண்டி மட்டும் என்றால் வேறு வாடகை. ஓடாத வண்டிக்கு எதுவும் இல்லை. பணம் தாமதமாக வரும் என்பதால் ஒரு வருஷச் செலவை நாமே தாங்கும்படி போடுங்கள்.

ரூபாயில் எழுதுவது

வருஷ ஓட்டச் செலவு, பயிற்சி விலையில்: வெளிநாட்டுப் படி தலைக்கு மாசம் 1.5 லட்சம் என்றால் 180 கோடி. சாப்பாடு நாளுக்கு 600 ரூபாய் வீதம் 21.9 கோடி. டீசல் முகாம் வரை கொண்டு சேர்த்த விலை லிட்டர் 130 என்று 45.3 கோடி. மாற்றப் பயணம் 4,000 இருக்கை, 40,000 வீதம் 16 கோடி. உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் 54 கோடி, பயிற்சி வெடிமருந்து 50, முகாம் வாடகையும் பராமரிப்பும் 40, மருத்துவமும் செயற்கைக்கோள் தொடர்பும் 25. ஒப்படைப்பு வாரங்களுக்கு படி, சாப்பாட்டில் 7.7 சதவீதம் கூட்டினால் 15.5. மொத்தம் சுமார் 448 கோடி.

ஒருமுறைச் செலவு: முகாம் 350 கோடி, முப்பது நாள் போர் இருப்பு வெடிமருந்து 300 கோடி, கப்பலும் ரயிலும் 60 கோடி. ஆக 710. மூன்று வருஷத்துக்கு மொத்தம் சுமார் 2,054 கோடி. இதில் கப்பல், ரயில் செலவின் பங்கு மூன்று சதவீதத்துக்கும் கீழே. இருப்பு வெடிமருந்தை "பிறகு வாங்கலாம்" என்று யாராவது அடித்தால் பட்ஜெட் அழகாகக் குறையும், படை வெறும் அணிவகுப்பாகிவிடும்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு நான்கு மானியக் கோரிக்கைகள்: அமைச்சகம், வருவாய்ச் செலவு, மூலதனம், ஓய்வூதியம். 2025-26-ல் மொத்தம் 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் 1.60, மூலதனம் 1.80 லட்சம் கோடி. படி, சாப்பாடு, டீசல் வருவாய்த் தலைப்பில்; புது வண்டி, கட்டடம் மூலதனத் தலைப்பில். இரண்டையும் கலக்க முடியாது. மார்ச் 31-க்குள் செலவாகாத தொகை காலாவதியாகும். ஆகவே முகாம் ஒப்பந்தத்தைப் பிப்ரவரியில் போடாதீர்கள். நடு வருஷத்தில் அனுப்ப நேர்ந்தால், நாடாளுமன்றத்தில் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை. அதுவரை தாங்க அவசரகால நிதி இருக்கிறது; 2021-ல் அதன் அளவை 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்த்தினார்கள்.

துணைக் கோரிக்கையில் முதல் வருஷம் ஓட்டலாம், இரண்டாவதும் அப்படியே ஓட்டினால் ஆபத்து. ரஷ்யாவைத் தடுக்க அமெரிக்கா 2014-ல் கிழக்கு ஐரோப்பாவுக்காகத் தொடங்கிய திட்டம் 2015 நிதியாண்டில் சுமார் 100 கோடி டாலர், 2019-ல் சுமார் 650 கோடி டாலர் என்று வளர்ந்தது. ஆனால் பல வருஷம் அது வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே, வெளிநாட்டுப் போர்ச் செலவுக் கணக்கில்தான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்க வேண்டிய பணத்தில் கிடங்கு கட்டுவது கடினம். மாஸ்கோவும் அந்தப் பட்ஜெட்டைப் படிக்கும். ஆகவே உங்கள் தாளில் முதல் வருஷத்தை மட்டும் துணைக் கோரிக்கையில் போட்டு, இரண்டாம் வருஷத்திலிருந்து வழக்கமான தலைப்புக்கு மாற்றுங்கள். அதற்காக எந்தத் திட்டத்தை வெட்டுகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்றாவது வருஷம் வெட்டுப்படுவது இந்தப் படைதான்.

இரண்டு கையிருப்பைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்று, நாணய மாற்று: டாலர் 85 ரூபாய் என்று போட்டு 92 ஆனால் டாலர் ஒப்பந்தங்கள் எல்லாம் 8.2 சதவீதம் ஏறும். மற்றொன்று, நெருக்கடி மாசம்: பயிற்சி வேகத்தைப் போல் மூன்று மடங்கு ஓடும் முப்பது நாளுக்கான டீசலும் உதிரிபாகமும். முதல் கையிருப்பைத் தின்றவர்கள் இரண்டாவதில் கை வைப்பது வழக்கம். ஆகவே இரண்டாவதற்கு வேறு கையெழுத்து.

எதிரி நாற்காலியின் முறை

இப்போது தாள்களை அவரிடம் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவர் பார்க்க வேண்டியவை: இருப்பு வெடிமருந்து எத்தனை நாள், இரண்டாவது துறைமுகம் உண்டா, மருத்துவமனையும் ரத்த வங்கியும் இருக்கிறதா, மாற்று அலகின் பெயர் எழுதியிருக்கிறதா, மூன்றாம் வருஷப் பணம் எந்தத் தலைப்பில். ரத்தம் சின்ன விஷயமாகத் தெரியும். 2022 ஜனவரியில் ரஷ்யப் படை உக்ரைன் எல்லைக்கு ரத்த இருப்பைக் கொண்டு வந்ததாகச் செய்தி வந்தபோதுதான், இது வெறும் பயிற்சி இல்லை என்று பலர் கணித்தார்கள். நம் படையையும் எதிரி அப்படித்தான் எடை போடுவான்.

கடைசியாக அவர் வெளியுறவு நாற்காலியிடம் கேட்க வேண்டிய கேள்வி: வரவேற்ற நாடு "போ" என்றால்? சினாய் பாலைவனத்தில் 1956-லிருந்து நின்ற ஐ.நா. படையில் இந்தியர் கணிசமாக இருந்தார்கள். 1967 மே மாதம் எகிப்து வெளியேறச் சொன்னது, ஐ.நா. ஒப்புக்கொண்டது. ஜூன் 5-ல் போர் வெடித்தபோது கிளம்பி முடிக்காத இந்திய வீரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். மாசிடோனியாவில் 1992 முடிவில் தொடங்கிய ஐ.நா. தடுப்புப் படை ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தது, வேலையை நன்றாகவே செய்தது. 1999 பிப்ரவரியில் சீனாவின் வீட்டோவால் முடிந்தது, காரணம் மாசிடோனியா தைவானை அங்கீகரித்தது. படைக்கும் அந்தக் காரணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே வெளியேறும் தாளையும் முதல் நாளே எழுதுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது, 5,132 சதுர மீட்டர் கப்பலை யார் அழைப்பது, கடைசியாகக் கிளம்பும் ரியர் பார்ட்டியில் எத்தனை பேர், எடுக்க முடியாத கொட்டகையும் கிணறும் யாருக்குப் போகும், வெடிமருந்து முதலில் ஏறுகிறதா கடைசியிலா. கடைசியில் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் கப்பலுக்குள் போகும்வரை முகாமைக் காக்க அது வேண்டும்.